இரண்டு புள்ளி

செக்காலை ரோட்டில் கரண்ட் போய்
ஜெனரேட்டர் பிடிப்பதற்குள்
திரை ஒருமுறை அணைந்து வந்தது.
மூன்று நாள் பிள்ளை. பெயர் இன்னும் இல்லை.
அட்டையில்: ஜெசிந்தா குழந்தை, ஆண், 2.6 கிலோ.
ஜெல்லை உள்ளங்கையில் சூடாக்கித்தான் தடவினேன்,
ஆனாலும் முகம் சுளித்தான்.
நகமெல்லாம் நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம்.

எக்கோ அறையில் எனக்குப் பதினேழு வருஷம்.
இதயத்துக்கு நாலு அறை என்றால் போதும்,
முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று
ஆரம்பித்துவிடுகிறார்கள் எங்கள் ஊரில்.
எனக்கு அது ஒப்பாது.
வீட்டைக் கட்டி முடித்துத்தான் பால் காய்ச்சுவோம்.
இங்கே குடியிருந்துகொண்டே, ஒரு நொடி வேலை நிறுத்தாமல்,
சுவர் எழும்புகிறது.

வயிற்றில் இருந்தவரை கீழறை இரண்டுக்கும் ஒரே உலை.
நுரையீரலில் வேலை இல்லை,
அங்கே போக வேண்டிய ரத்தத்தில் முக்கால்வாசிக்கு மேல்
குறுக்குச் சந்தில் புகுந்து பெரிய தெருவுக்குப் போய்விடும்.
வலது இடதுக்குச் சளைத்ததில்லை.
பிறகு ஒரு வீறிடல்.
காற்று உள்ளே போகிறது.
வேறு வைக்கிறார்கள்.

இந்தச் சொல்லை எங்கள் பக்கம் விளக்க வேண்டாம்.
கல்யாணமான பதினோராம் மாதம்
அரிசி அளந்தார் மாமியார். துவரம்பருப்பு, நல்லெண்ணெய்,
விறகுக்குப் பதில் ஒரு சிலிண்டர்.
அதே வளவு, அதே ஓடு,
நாலடி தள்ளி என் அடுப்பு.
சண்டை ஒன்றுமில்லை.
கோயில் வரிக் கணக்கில் ஒரு புள்ளி கூடியது.

செல்லுக்கும் உண்டு அப்படி ஓர் அளவு.
மரபணுவின் ஒரு வரியைப் படித்துச் செய்த புரதம்,
வின்ட் குடும்பத்தில் பதினொன்றாவது
(அதற்கும் பதினொன்றுதான்),
பக்கத்துச் செல்லின் கதவைத் தட்டி
"போதும், பெருகாதே" என்கிறது.
வலப்பக்கம் தட்டிக்கொண்டே இருக்கிறது.
இடப்பக்கம், பிறந்த கையோடு, தட்டல் தணிகிறது.
வளர் என்று யாரும் சொல்லவில்லை.
நில் என்றது ஓய்ந்தது, அவ்வளவுதான்.
அந்த ஓய்வில் எழும்புகிறது
உச்சி முதல் உள்ளங்கால் வரை தள்ளப்போகிற சுவர்.

இது எலிக்குட்டிகளில் பார்த்த கணக்கு.
மதுரைக் கருத்தரங்கில், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்
சொன்னார்கள். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.
நான் பில்லின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்.

ஜெசிந்தா மகனின் வலச்சுவரில்
ஒரு புள்ளி வைத்தேன். எதிரே ஒரு புள்ளி.
நடுவே மிஷின் எழுதியது: 5.1.
இடது 3.8.
அழித்து மறுபடி வைத்தேன். 5.0.

ரத்தத்தில் காற்றுப் போதாவிட்டால்
வலப்பக்கத் தட்டலும் தணிந்துவிடும் என்கிறது என் பில்.
ஒரு பக்கம் ஓய வேண்டியது இரு பக்கமும் ஓய,
இடுங்கிய வாசலை முட்டித் தள்ளும் பாரமும் சேர,
வலது தடித்துக்கொண்டே போகலாம்.
எது எவ்வளவு என்று மிஷினுக்குத் தெரியாது.
எனக்கும்.

"ரெண்டு பக்கமும் அடிக்குதாக்கா?"
ரிசல்ட் சொல்லக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறது,
என் கையெழுத்துதான்.
"அடிக்குது" என்றேன்.
பிரிண்ட் சூடாக வந்து சுருண்டது.
டாக்டர் போனில் இரண்டே வார்த்தை பேசினார்,
இரண்டாவது வார்த்தை மதுரை.

திருப்பத்தூர் வழியாகப் போனால் ஒன்றரை மணி.
தையல் இன்னும் இழுக்கிற வயிற்றோடு
ஆம்புலன்ஸ் படியில் ஒரு கால் வைத்திருந்தவளிடம்
படிவம் நிரப்புகிற பையன் கேட்டான்:
"எத்தனை பேர்?"

"நான் மட்டும்தான்" என்றாள்.
பிறகு துணிச்சுருளுக்குள் குனிந்து பார்த்து,
"இல்ல, ரெண்டு" என்று திருத்தினாள்.