அடியில் தங்கியது

லதுர்ஷன், ஆறு வயது, பதினேழு கிலோ.
கிரானிலிருந்து ஆறரை பஸ்.
சிட்டையில் டொக்டரின் எழுத்து
ஓடி ஒளிகிற நண்டு மாதிரி.
படித்துவிட்டேன். அது என் வேலை.

பெரியவர்களின் அளவைப் பாதியாக்கி,
பாதியைப் பாதியாக்கிப்
பிள்ளைகளுக்குக் கொடுத்த காலத்தில்
இந்த மருந்தகத்துக்கு வந்தவள் நான்.
பிள்ளை என்பது சின்ன அளவில் செய்த பெரியவர் அல்ல,
அந்த ஈரலின் வேகமே வேறு என்று
பிறகுதான் விளங்கிற்று.

இப்போது கணினியில் ஒரு வளைகோடு ஏறி இறங்குகிறது.
எந்தெந்த நாட்டிலோ
ஊசிக்குக் கை நீட்டி அழுத
முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளின் இரத்தத்தில் இழுத்த கோடு.
அவர்களில் ஒருவரும் மட்டக்களப்பைக் கண்டதில்லை.
லதுர்ஷனின் கொஞ்ச இரத்தம் சேர்ந்தால்
கோடு சற்றே அசைந்து
இவன் பக்கம் சாய வேண்டும்.

வலிப்பு மருந்துகளில் இது பொல்லாதது.
வசந்தமலருக்குப் பழைய கல்லடிப் பாலத்தைச் சொன்னேன்.
ஒரு வாகனம் போகிற அகலம்.
ஐந்து வந்தாலும் கடந்துவிடும், பத்து வந்தாலும்.
பதினோராவது வந்து நின்றால்
வரிசை காத்தான்குடி வரைக்கும்.
"ஈரலும் அப்பிடித்தான் கா.
கொஞ்சம் கூட்டினாலும் கால் தடுமாறும், கண் ஆடும்."
"புதுப் பாலம் போட ஏலாதா மிஸ்?" என்றாள்.
என்னிடம் பதில் இல்லை. இருவரும் சிரித்தோம்.

ஐஸ் பெட்டியில் இரவு பஸ் ஏறிக்
கொழும்புக்குப் போன இரத்தம்
ஒன்பது நாள் கழித்து ஓர் எண்ணாகத் திரும்பியது.
கோடு சொன்னது பதினான்கு. வந்தது ஐந்து.
டொக்டர் அளவைக் கூட்டப் பேனையை எடுத்தார்.
பொறுங்கள் என்றேன்.
ஏனென்று எனக்கே தெரியாது.
அடுத்த மாதம், அதே அளவில், இருபத்தேழு.
வாட்டுக்குள் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

கோட்டுக்கும் பிள்ளைக்கும் நடுவே கிடக்கிற தூரத்துக்கு
எங்கள் பாடத்தில் பெயர் எச்சம்.
விளங்காததை எல்லாம் அந்தச் சாக்கில் போட்டு
வாயைக் கட்டிவிடுவது வழக்கம்.
இரண்டு இரவு அந்தச் சாக்கோடு உட்கார்ந்தேன்.
காய்ச்சலைச் சேர்த்துப் பார்த்தேன்.
எடையைத் திருத்திப் பார்த்தேன்.
மரபணுவின் மேல் பழி போட்டுப் பார்த்தேன்.
பிறகு வசந்தமலருக்கு அழைப்பெடுத்து,
போத்தலைக் கொண்டு வாங்க என்றேன்.

பால்மாப் பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுவந்தாள்.
மேலே தண்ணீர் மாதிரித் தெளிவு.
கீழே விரற்கடை உயரம் வெள்ளை,
வாவி வற்றுகிற மாதத்துச் சேறு போல இறுகி.

"குலுக்கிறல்லையா?"
"குலுக்கினா நுரைக்குது மிஸ்.
நுரை போனா புள்ளைக்குச் சத்தி வரும் எண்டு
அலுங்காம வைச்சுத்தான் குடுக்கன்."

அத்தனை கவனம்.
முதல் வாரங்களில் அவன் குடித்தது தெளிவை.
கடைசி வாரத்தில் அடியை.

நன்றாகக் குலுக்கவும் என்று துண்டில் இருந்தது.
ஆங்கிலத்தில் இருந்தது. சிங்களத்தில் இருந்தது.
அந்தத் துண்டை ஒட்டியவள் நான்.

நேர்ஸ் பஸ்லியாவின் கைப்பையிலிருந்து
சிவப்பு நகப்பூச்சு வாங்கி
ஊசியில்லாத சிரிஞ்சில் ஒரு கோடு போட்டேன்.
வளையாத கோடு. இதுவரை.
கணினியில் அந்த இரண்டு எண்களையும் அழிக்கவில்லை,
பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு எழுதினேன்.
வியாழக்கிழமை மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும்.

குலுக்குவது இனித் தன் வேலை என்கிறான் லதுர்ஷன்.
நூறு வரை எண்ணிக் குலுக்குவானாம்.
முப்பத்தொன்பதுக்குப் பிறகு அவனுக்கு
ஐம்பது வருகிறது.
பரவாயில்லை.
நுரைக்கட்டும்.