அக்குளில் பதினோரு நிமிடம்

எண்பத்தொன்பது யூரோ. சங்கத்துப் பணம்.
கணக்கு நோட்டில் அந்தத் தொகையை எழுதும்போது
வெய்யோ கெம்பைனென் பேனாவை அழுத்தியதில்
அடுத்த பக்கத்திலும் எண் தெரிந்தது.

வார நாளெல்லாம் நாலாம் எண் பேருந்து ஓட்டுகிறேன்.
கயானி நகரத்தின் சனிக்கிழமை இரவுகளில்
உறைந்த ஏரிமேல் நின்று
வந்தவர்களுக்கு வானத்தைக் காட்டுகிறேன்.
காட்ட ஒரு பச்சை லேசர் வேண்டும்.
பழையது போன மாதம் செத்தது.

புதியதை அடுக்களை ஜன்னல் வழியே
ஆற்றுக்கு அப்பால், ஆளில்லாத மரக்கிடங்கின்
சுவரில் அடித்துப் பார்த்தேன்.
வட்டமாய் விழ வேண்டிய புள்ளி
நடுவில் கீறல் விழுந்த காப்பிக்கொட்டையாய்க் கிடந்தது.
பக்கத்தில் வெளிறிய குட்டி ஒன்று.
சுற்றிலும் பாசி படர்ந்தாற்போல் மங்கல்.

ஆடத் தெரியாதவள் கூடத்தைக் குறை சொன்ன கதையாய்
முதலில் சுவரைத்தான் சந்தேகித்தேன்.

பிறகு, கைக்குள் குழாயை மெல்லச் சுழற்றினேன்.
கொட்டை சுழன்றது.
குட்டி சுழலவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது.
ஆகவே குட்டி அதன் பிள்ளை இல்லை.
ஜன்னலைத் திறந்தேன், காணாமல் போனது.
மூன்றடுக்குக் கண்ணாடி பெற்ற பிள்ளை.
மைனஸ் பத்தொன்பது டிகிரி உள்ளே வந்தது.
செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அஹ்தி
என் பெயரை மூன்று அசையாகப் பிரித்துக் கூப்பிட்டான்.

லென்ஸில் தூசி இருக்கும் என்று
கம்பளிச் சட்டையின் கையால் துடைத்தேன்.
சொல்ல வெட்கம்தான்.
மங்கலுக்கு மீசை முளைத்தது,
இரு பக்கமும், நீளமாக.
விற்றவனுக்கு எழுதிய புகாரில் மீசையையும் சேர்த்திருந்தேன்.
அனுப்பும் முன் அந்த வரியை மட்டும் அழித்தேன்.

படம் அனுப்புங்கள் என்றான்.
எடுத்தேன்.
வெளிச்சம் தாளாமல் கேமரா
வெள்ளையாக, உருண்டையாக, குற்றமே இல்லாத
ஒரு புள்ளியைப் பதிந்து வைத்திருந்தது.
அழகான புள்ளி, வாழ்த்துகள், என்று பதில் வந்தது.

பேட்டரி மாற்றினேன். குவிய வளையத்தைத் திருகினேன்.
பெரிய காப்பிக்கொட்டை. சிறிய காப்பிக்கொட்டை.

வாசாவிலிருந்து இன்கெரி அழைத்தாள்.
அவளுக்கு வாடகை, வீட்டுக்காரர், ஈரச் சுவர்.
கை இரண்டும் வேண்டியிருந்ததால் குழாயை அக்குளில் இடுக்கி
நாற்பது நிமிடம் உச்சுக் கொட்டினேன்.
போனை வைத்துவிட்டு
சும்மா அடித்தேன், சுவரில்.

வட்டம்.

மூச்சு விடாமல் பார்த்தேன்.
திறந்த ஜன்னலருகே வைத்துக் காத்திருந்தேன்.
பதினோராம் நிமிடம் நடுவில் மயிரிழைபோல் ஓர் இருட்டு.
மறுநாள் பதினொன்று. அதற்கு மறுநாள் ஒன்பது.
பணிப்பட்டியலின் முதுகில் எழுதிக்கொண்டேன்.
உள்ளே கடுகளவில் இரண்டு படிகங்கள்.
குளிர ஆரம்பித்தால் ஒன்று சொன்னதை
மற்றது வேறு மாதிரிக் கேட்கிறது போல.
பிரித்துப் பார்க்கவில்லை, அத்தனை துணிச்சல் இல்லை.

சனிக்கிழமை இருபத்தாறு பேர் வந்தார்கள்.
ஒரு விமானம் போய் மறையும்வரை நின்றேன்.
மூன்று கோட்டுகளுக்கு அடியிலிருந்து
வெதுவெதுப்பாக அதை எடுத்தேன்.
கார்த்திகைக் கூட்டம், அதன் கீழே ரோகிணி,
பச்சைக்கோல் தொட்டுத் தொட்டுப் போனது.
எல்லா முகமும் மேலே.

அப்போதுதான் உறைத்தது:
அங்கே சுவர் கிடையாது.
கற்றை எங்கேயோ முடிகிறது, புள்ளி விழுவதேயில்லை.
பன்னிரண்டாம் நிமிடம் கொட்டை பிளந்திருக்கும்,
பார்த்திருக்க ஒருவருமில்லை.
நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

சரியாக இருக்கிறதா, வெய்யோ கேட்டார்.
ஒரு குறையுமில்லை, என்றேன்.

எல்லோரும் கரைக்கு நடந்த பின்
பூட்ஸுக்கு முன்னால் பனியில் ஒரு தரம் அடித்தேன்.
கொட்டை. மீசையோடு.
அணைத்து, பழக்கதோஷத்தில்
அக்குளில் செருகினேன்.
குளிர்ந்த உலோகம் விலாவைத் தொட்டதும்
ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டேன்.