எடை

மேல்விஷாரம். தோல் ஷாப்பின் பின்கொட்டகை.
தார்ப்பாயை இழுத்ததும் வாசம்தான் முதலில் வந்தது:
சுண்ணாம்பு, கடுக்காய், எலி.
அப்புறம்தான் வண்டி.

ஸ்டாண்டர்டு டென் கூடு. உள்ளே டாட்ஜ் லாரி இன்ஜின்.
சுண்டெலிக்கு எருமையின் இதயம் வைத்து
எழுபத்து மூன்றில் தைத்திருக்கிறார் ஜப்பார் சாயபு.
பானெட் இல்லை. பின்சீட் இல்லை.
பிரேக் விஷயத்தில் அவருக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.
சோழவரத்து ஓடுதளம், கால் மைல், ஒரே நேர்கோடு,
பதினாறே முக்கால் விநாடி.
அவ்வளவுக்குத்தான் அந்த மூன்று வருஷம்.

நான் சத்துவாச்சாரியில் டிங்கர்.
லாரி இடித்த ஆட்டோ, பஸ் இடித்த லாரி
எது வந்தாலும் இடிபடாததாக்கித் திருப்பிக் கொடுப்பேன்.
நடந்ததை நடக்கவில்லை என்று
தகரத்தைச் சத்தியம் பண்ண வைக்கிற தொழில்.

இம்தியாஸ் ஷார்ஜாவிலிருந்து பேசினார்:
"சிவப்பு. முகம் தெரியணும் அதில்.
பையன் நிக்காஹ்வுக்கு மண்டப வாசலில் நிற்கணும்."
தங்கை ஷமீம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர்,
திறக்காமல் பார்த்துப் பழகியவர்:
"கழுவக்கூடக் கூடாது. அது அத்தா கை கிரீஸ்."
பணம் அண்ணனுடையது. சாவி தங்கையிடம்.
நடுவில் நான், உப்புத்தாளோடு.

கதவோரம் ஒரு விரற்கடை மட்டும் தேய்த்தேன்.
சிவப்புக்கு அடியில் பச்சை.
பச்சைக்கு அடியில் சாம்பல் பூச்சில்
ஆணியால் கீறிய 31.
சிவப்பு, ஓட்டமெல்லாம் முடிந்து
விற்கப் பார்த்தபோது அடித்ததாம்.
"எந்த வருஷத்துக்குத் திருப்பட்டும்?"
போனில் கேட்டேன்.
லைன் கட்டாகிவிட்டது.

பிறகுதான் ஓட்டைகளைக் கவனித்தேன்.
பெடலில், கைப்பிடியில், சீட்டுச் சட்டத்தில்,
ஸ்டியரிங் ஆரத்தில்கூட.
எடை குறைய டிரில் போட்டிருக்கிறார்.
எண்ணினால் இருநூற்றுப் பதினொன்று.
விளிம்பு வட்டமாக இருந்தால் அவர் போட்டது.
கிழிந்திருந்தால் துரு போட்டது.
அப்படிப் பிரித்தால் நூற்று நாற்பது அவருக்கு.
ஆனால் சிலதில் துரு
அவர் ஓட்டையின் விளிம்பிலிருந்தே தொடங்கியிருந்தது,
ஷிப்ட் மாறி வந்த ஆள் மாதிரி.
எதில் பட்டி வைப்பது?

"சும்மா வைத்தாலும் தின்னும் மேடம்" என்றேன்.
"மழைக்கு மழை ஒரு அரிசி ஆழம்.
விடுவது என்றாலும்
அதற்கும் தினம் எண்ணெய் தொடணும்."
ஷமீம் பதில் சொல்லாமல் உள்ளே ஏறினார்.
சொந்த ஷாப்பில் பதம்போட்ட தோலில் தைத்த சீட்டு.
அதில் இன்னொருவர் உட்கார்ந்திருந்த பள்ளம்,
அவருக்கு இரண்டு பக்கமும் மிச்சம் இருந்தது.
ஆக்சிலேட்டருக்குக் கால் எட்டவில்லை.
நுனிவிரலை நீட்டி அமுக்கினார்.
எங்கிருந்தோ ஒரு குளவி எழுந்தது.
ஐம்பத்து நாலு வயசு மனுஷி
யாருக்கும் கேட்காது என்று நினைத்து
ட்ர்ர்ர் என்றார்.
நான் சுவரில் கேலண்டர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்,
அந்தச் சிவப்பு இன்னும் வரவில்லை என்று.
வேலூரில் கிடைக்காத சிவப்பா?
தினமும் காதுக் குச்சியில் எண்ணெய் நனைத்து
இருநூற்றுப் பதினொன்றுக்கும் தொடுகிறேன்,
போட்டது யார் என்று பார்ப்பதில்லை.

நேற்று ஷமீம் ஒரு டயரி கொண்டுவந்தார்.
கடைசி ஓட்டத்துக்கு முந்தின நாள், பச்சை மையில்:
எடை 870. இன்னும் குறைக்கணும்.
டெம்போவில் ஏற்றி ராணிப்பேட்டை எடைமேடைக்குப் போனோம்.
வண்டியோடு ஒரு தடவை, வெறும் டெம்போ ஒரு தடவை,
கழித்தால் எண்ணூற்று அறுபது.
எலிக்கூடெல்லாம் முந்தியே எடுத்தாயிற்று.

சீட்டைப் படமெடுத்து ஷார்ஜாவுக்கு அனுப்பினார்.
ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை.
பிறகு குரல் பதிவு, பின்னால் ஏசி இரைச்சல்:
"பத்துக் கிலோவா?
அத்தாவுக்குத் தெரிந்தால் குதித்திருப்பார்."
கொஞ்சம் தள்ளி, தொண்டையைச் செருமி,
"பெயிண்ட் பற்றி நாளைக்குப் பேசலாம்."