ஏறக்குறைய

காலை ஆறு பத்து. அப்துல்லாபுரம்.
ஓடுபாதையின் கிழக்கு முனையில் நின்று
பருந்து எண்ணுகிறேன்.
அரசாங்கம் இதற்குச் சம்பளம் தருகிறது.

படிவத்தில் நாற்பத்தோராம் கேள்வி:
பறவைகளால் ஆபத்து உண்டா?
உண்டு, இல்லை. இரண்டே கட்டங்கள்.
நாற்பது வரை எல்லாம் சரி.
ஓர விளக்குகள் எரிகின்றன.
நேற்றே கழுவி நிறுத்திய தீயணைப்பு வண்டியின்
டயரில் இன்னும் மஞ்சள்.

"ஒரு டிக்குதானே மேடம்" என்கிறார்
ஒப்பந்தக்காரரின் ஆள் சம்பங்கி.
"வெள்ளிக்கிழமை திறப்பு விழா.
பந்தல்காரனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு."

ஒரு டிக்குதான்.
பதினெட்டு வருடமாகக் கேட்கும் வாக்கியம்,
மீனம்பாக்கத்தில் விடிகாலை மூன்று மணிக்குச்
சொல்லாமல் ஏணியேறிப் போய்
உரிமத்தை எடுங்கள் என்று
விமானியிடம் கை நீட்டும்போதும்.

நாங்கள் விமானத்தைப் பார்ப்பதில்லை.
விமானத்தைப் பார்க்க வேண்டியவர் பார்த்தாரா,
பார்த்ததை எழுதினாரா,
எழுதியவர் முந்தின இரவு தூங்கினாரா
என்று பார்க்கிறோம்.
லட்சம் ஆணிகளில் நாலைத் தொட்டுவிட்டு
ஒரு சோறு பதமென்று கையெழுத்து.
ஏன் அந்த நாலு என்று கேட்க
எனக்கு மேலே ஒருவர்.
அவரைக் கேட்க
வெளிநாட்டிலிருந்து வரும் தணிக்கைக் குழு.

கங்காணி என்பார் என் கணவர், கேலியாக.
இருக்கட்டும்.
தேயிலைக் கூடையிலாவது இலை தெரியும்.
என் கூடையில் விழுவது நடக்காத விபத்துகள்.
தேதி கிடையாது, ஊர் கிடையாது,
சாட்சிக்கு ஆள் கிடையாது.

பருந்துக்கு வருவோம்.
பத்து கிலோமீட்டருக்குள் ஆடறுத்துக்
கழிவை வெளியில் போடக் கூடாது.
ஆகவே அக்தர் பாஷாவின் கறிக்கடைக்கு நோட்டீஸ்.
சம்பங்கியே அடித்து வைத்திருந்தார்,
தேதி மட்டும் பாக்கி.

அக்தருக்கு முப்பது வயதிருக்கும்.
படித்தான், மடித்தான்,
தராசுக்கு அடியில் வைத்தான்.
"ஞாயித்துக்கிழமை ஒரு ஆடு அறுக்கிறேன்.
இன்னிக்கு புதன்.
நீங்க எண்ணினதெல்லாம் எனக்காகவா வந்திருக்கு?"

ஜீப்பில் ஏறி அவனே வழி சொன்னான்.
ஏரிக்கரை சுற்றி, முள்காடு தாண்டி,
வரைபடத்தில் வெறும் பச்சையாக இருந்த இடத்தில்
தோல் ஷெட்டுகளிலிருந்து இரவில் வந்த ஜவ்வுக் குவியல்,
சுண்ணாம்பில் வெளுத்து.
மேலே பருந்துகள்,
சந்தைக்கு வந்தவர்கள் போல் அவசரமில்லாமல்.
பக்கத்தில் ஒரு குப்பை வண்டி,
கதவில் நம் அரசு முத்திரை.
சம்பங்கி மூக்கைப் பொத்திக்கொண்டு
செல்போனில் யாரையோ தேடினார்.

இருபத்து மூன்று.
ஒன்றை இருமுறை எண்ணியிருக்கலாம்.
ஏற, குறைய, ஏற, குறைய,
காற்றில் அவற்றின் பிழைப்பே அதுதான்.
'ஏறக்குறைய' என்று எழுதினேன். அடித்தேன்.
அறிக்கையில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.
'உண்டு' கட்டத்தில் டிக் போட்டேன்.
வெள்ளிக்கிழமை போயிற்று.

"என் நோட்டீஸ்?" என்றான் அக்தர்.
"அதுவும் நிற்கும். மூடி போட்ட தொட்டி வை,
எடுத்துவிடுவார்கள்."
முகம் சுருங்கினாலும் டீ சொன்னான்.
குடிக்கவில்லை, விதி.
என் காசில் இரண்டு சொன்னேன்.
அதற்கு விதி இருக்கிறதா, பார்க்க வேண்டும்.

காட்பாடியில் ஏழரை ரயிலை விட்டுவிட்டேன்.
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து லாட்ஜ்.
பக்கத்து அறையில் பெங்காலியில்
ஒருவர் மருந்துப் பெயர் வாசிக்க
ஒருவர் மாத்திரையைத் தொட்டு ஆமென்கிறார்.
ஒரு பெயரில் நின்றுவிட்டார்கள்.
முதலிலிருந்து வாசிக்கிறார்கள்.

நாளை ஆறு பத்துக்கு
நானும் மறுபடி எண்ண வேண்டும்.
வாலில் ஒரு சிறகு முறிந்த பருந்து ஒன்று இருந்தது.
இந்த முறை
அதிலிருந்து தொடங்குவேன்.