குருவனூர்

வரைபடத்தில் தேடாதீர்கள்.
குன்னூரில் தபால் கொண்டுபோன எனக்குத் தெரியும்.

துரைகள் வைத்த பெயர் குரோவ்னர்.
நனைந்த பூட்ஸைக் கணப்பில் காட்டியபடி
தேயிலை விலையைத் திட்டிக் குடித்த இடம்.
மதுவிலக்கு வந்ததும்
பெர்மிட் இருப்பவன் நோயாளி, இல்லாதவன் குற்றவாளி.
அந்த வருஷங்களில் அங்கே ஹார்லிக்ஸ் கிடைத்தது.

எழுபத்தொன்றில் மறுபடி திறந்தபோது
ஹாலன் கவுடர் பலகையைத் தமிழில் எழுதச் சொன்னார்.
காதில் விழுந்ததை எழுதினான் பெயின்டர்:
குருவனூர் பார்.

மூன்றாவது மேசையில் ஒரு பத்திரிகை தொடங்கியது.
ஆசிரியர் எல்.ஐ.சி.யில் குமாஸ்தா.
வெடிமருந்து ஃபாக்டரி ஷிஃப்ட் முடிந்து
கந்தக வாசனையோடு வருவான் இருதயராஜ்.
ஹட்டனிலிருந்து கப்பலேறி வந்து
சப்ளையரான மருதமுத்துக்குத்தான்
ஒற்று மிகும் இடம் தெரியும்.
முகவரி வேண்டியிருந்தது.
'பார்' என்ற சொல்லை மட்டும் வெட்டி
'குருவனூர், குன்னூர் வழி' என்று அச்சடித்தார்கள்.
அவர்கள் செய்த எடிட்டிங்கிலேயே
கச்சிதமானது அதுதான்.

கவிதைகள் தினம் வந்தன, சந்தா எப்போதாவது.
சந்தா வந்த மாதம்
இதழ் தாமதமாகும்.

மண்சரிவுக்கு மறுமாதம், ரயில் ஓடாத நாளில்,
கோவில்பட்டியிலிருந்து ஒரு பெண்.
பஸ் ஸ்டாண்டில் என்னிடம்தான் கேட்டாள்:
"குருவனூருக்கு எந்த பஸ்?"
பஸ் போகாது, பின்னால் வாங்க, என்றேன்.
மூடுபனியில் வழிநெடுக
அந்த ஊரில் பள்ளிக்கூடம் உண்டா,
சந்தை என்றைக்கு என்று விசாரித்தாள்.
எனக்குச் சொல்ல வாயில்லை.

வாசலில் அவள் நின்றதும்
பத்துப் பன்னிரண்டு தம்ளர்கள்
மேசைக்கடியில் போயின.
"நான் தவமணி. ஏழு மாசம் ஆச்சு, என் கதை எங்கே?"

மருதமுத்து கல்லாவுக்குள் குனிந்தான்.
பதினோரு தாள். ஒவ்வொன்றின் முதுகிலும்
அவன் கையெழுத்தில்:
இருதயராஜ், ரம் 2, ஆஃப்பாயில் 1, பாக்கி.
ஆசிரியர், ரம் 4, பாக்கி.
ஆசிரியர், ரம் 3, சிகரெட், பாக்கி பாக்கி.

நின்றபடியே படித்தாள்,
கதையை இல்லை.
பிறகு சொன்னாள்:
"இதையும் போடுங்க. பெயரோட."

போட்டார்கள். இடப்பக்கம் கதை, வலப்பக்கம் கடன்.
அந்த இதழ் மட்டும் விற்றுத் தீர்ந்தது.
அடுத்த இதழ் வரவில்லை.
கவுடர் வலப்பக்கங்களை மட்டும்
சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

நெடுஞ்சாலைக்குத் தூரம் போதாதென்று உத்தரவு வந்தபோது
முன்கதவை அடைத்துவிட்டு
பின்னால் தகரம் வைத்துத் தடுத்து
பாதையை நீட்டினார்கள்,
ஆட்டுக்குடல் மாதிரி.
அதிகாரியின் டேப்புக்குத் திருப்தி.

நான் ரிட்டயர்ட் ஆகி வெகுநாள்.
போன வாரம், இப்போது பீட் பார்க்கும் பெண்
ஒரு கவரோடு வந்தாள்.
"சார், இந்த ஊர் எங்கே இருக்கு?"

கையில் வைத்து எடை பார்த்தேன்.
சிறுகதை. கவிதை இந்தக் கனம் இருக்காது.
"பக்கத்தில்தான்" என்றேன்.
"சுத்திச் சுத்திப் போகணும்."