நாலு கட்டு

முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும்
வெஸ்ட்ரியில் ஃபேனை நிறுத்திவிட்டு
நானும் மதுரநாயகமும்
தசமபாகக் கவர்களைப் பிரிப்போம்.
பெயர், மாதம், தொகை.
பேரேட்டில் ஏற்றுகிறவன் நான்.

கண்ணை மூடிக்கொண்டே எடுத்துவிடலாம்
சீயோன்மணியின் கவரை.
புகையிலை வாசம்.
ஓரத்தில் ஒரு துண்டு ரோஸ் நூல்
ஒட்டிக்கொண்டு வரும்.

பீடிக் காசு பீடத்துக்கு ஆகுமா என்று
ஒருதரம் கமிட்டியில் கேட்டார் மதுரநாயகம்.
சிமெண்ட் கடை வைத்திருக்கிறார்.
ஐயர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
மைக் செட்டுக்குப் பாக்கி நிற்கிறது என்று
யாரோ சொல்ல,
பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஆயிரம் பீடி என்றால் நாற்பது கட்டு.
நாற்பதில் நாலு கர்த்தருக்கு.
கவரின் முதுகில் பென்சில் கோடுகளாக
அவள் கணக்கு இருக்கும்.

கடையில் செக்கர் கட்டை அமுக்கிப் பார்த்து
தூள் பத்தாது, முனை மடங்கவில்லை என்று
மூணு கட்டை ஓரமாய்த் தள்ளுவான்.
தள்ளினதுக்குக் கூலி கிடையாது.
தள்ளின பீடியும் திரும்பி வராது.

ஒரு மாதம் கோடுகளைக் கூட்டிப் பார்த்தேன்.
தள்ளினதுக்கும் சேர்த்துத்தான்
கொடுத்திருக்கிறாள்.
வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.
"நான் சுத்துனது நாப்பது.
அவன் எண்ணுனது முப்பத்தேழு.
ஆண்டவரு எங்கூட உக்காந்து பாத்தாருல்லா" என்றாள்.
ஒரு செருப்பு கிடைத்திருந்தது.
மற்றதைத் தேடினாள்.

நான் மின்வாரியத்தில் இருக்கிறேன்.
பிடித்தம் போக, வீட்டுக்கடன் போக,
சொசைட்டி போக, பைக் தவணையும் போக
மிஞ்சினதில் பத்து சதவீதம்
பைசா பிசகாமல் போடுகிறவன்.
அன்று ராத்திரி சம்பளச் சீட்டை எடுத்து
மேல் வரியைப் பார்த்தேன்.
கீழ் வரியைப் பார்த்தேன்.
மடித்து வேதாகமத்துக்குள் வைத்தேன்,
மல்கியாவில் இல்லை,
எங்கோ நாளாகமத்தில்,
யாரும் புரட்டாத வம்ச அட்டவணையில்.

அந்த வருஷம் சாரல்
ஆலங்குளம் தாண்டியும் விடாமல் பெய்தது.
ஜூலை முழுக்க கம்பெனி இலை போடவில்லை.
போட்டிருந்தாலும் அவளுக்குக் காய்ச்சல்,
விரல் மடங்கவில்லை.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு
கவர் வந்திருந்தது.
பெயர் இருந்தது. மாதம் இருந்தது.
முதுகில் கோடு ஒன்றும் இல்லை.
உள்ளே ஊதிப் பார்த்தேன்.
தொகை என்ற இடத்தில்
வட்டம் கூடாத ஒரு சுழி.

"வெறுங்கவரு. தூரப் போடும்வே" என்றார் மதுரநாயகம்.

ஒன்றுமில்லாததில் பத்தில் ஒன்று
ஒன்றுமில்லைதான். கணக்கு சரி.
எழுதினேன்:
சீயோன்மணி, ஜூலை, 0.
அதற்கு நேர் மேலே என் பெயர்,
நான்கு இலக்கத்தில் ஒரு தொகை.

கூட்டினேன். மறுபடி கூட்டினேன்.
மொத்தம் அசையவில்லை.
நோட்டுகளை ரப்பர் போட்டுப் பெட்டியில் வைத்ததும்
மதுரநாயகம் வேர்வையோடு ஃபேனைப் போட்டார்.

மேஜையிலிருந்து அது ஒன்றுதான் பறந்தது.
எழுந்து போய்ப் பிடித்தேன்.