நாற்பத்தேழாவது அடி

வேலி வழக்கு ஆறங்குலத்துக்கு.
பதினோரு வருஷமாக நடக்கிறது என்றார்
எல்வுட் ஹ்ரபோவ்ஸ்கி,
நான் கேட்காமலே.
நான் கேட்டது அடைப்பைப் பற்றி.

பிட்ஸ்பர்க்கின் இந்த மேட்டுத் தெருவில்
வீடுகள் சரிந்துவிடாமல்
ஒன்றின் தோளை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும்.
நிலவறைத் தரையில் ஒரு பித்தளை மூடி.
குறடும் நானும் அரைமணி மல்லுக்கட்டியபின் திறந்தது.
கிளம்பிய வாடைக்கு அவர் மூக்கைப் பொத்தினார்.
எனக்குப் பதினெட்டு வருஷமாகச் சோறு போடுவது
அந்த வாடைதான்.

கேமராவின் தலை ஒரு எலுமிச்சங்காய் அளவு,
சுற்றிலும் பொடிப்பொடி விளக்குகள்.
கம்பியைத் தள்ளத் தள்ள
திரையின் மூலையில் எண் ஓடுகிறது.
எட்டு அடி: வார்ப்பிரும்பு, துரு, பரவாயில்லை.
பதினான்கு: வீட்டுச் சுவரைத் தாண்டி மண்குழாய்,
எஃகு ஆலைகள் புகைந்த நாளில் புதைத்தது.
இருபத்திரண்டில் மேப்பிள் வேர்,
மூட்டு வழியாகப் புகுந்து
சீப்புப் படாத தலைமயிராகத் தொங்கியது.
"அவள் மரம்" என்றார்.
முப்பத்தொன்றில் குழாய் தொய்ந்து வயிறு போட்டிருக்கிறது.
தேங்கிய நீரில் கேமரா முங்கியது,
திரை முழுக்கப் பழுப்பு.
இந்த இடத்தில் எந்த வீட்டுக்காரரும்
மூச்சைப் பிடித்துக்கொள்வார்,
தானே முங்கிய மாதிரி.

நாற்பத்தேழாம் அடியில்
இடப்பக்கம் ஒரு வாய்.

நகராட்சி வரைபடத்தில் இல்லாத வாய்.
"பழைய இணைப்பு, எப்போதோ செத்திருக்கும்" என்றேன்.
சொல்லி முடிப்பதற்குள்
அதிலிருந்து தண்ணீர்.
லேசான ஆவி. சோப்பு நுரை.
நுரையில் உட்கார்ந்து வந்த ஒரு பட்டாணி
விளக்கு வெளிச்சத்தில் கொஞ்சம் தயங்கி
எங்களைத் தாண்டிப் போனது.

"என் வீட்டில் எந்தக் குழாயும் திறக்கவில்லை"
என்று இரண்டு கையையும் தூக்கினார் எல்வுட்,
போலீஸைப் பார்த்தவர் போல.

சாயப் பொட்டலத்தோடு நான்தான் போனேன்.
அவர் வேலி வரைக்கும்கூட வரவில்லை.
வில்லெட்டா டாலிவர் கதவைத் திறந்தார்.
ஈரக் கை, தோளில் பாத்திரம் துடைக்கும் துணி.
"அந்த ஆள் அனுப்பினானா?"
குழாய் அனுப்பியது என்றேன்.
கொஞ்ச நேரம் என் பூட்ஸைப் பார்த்தார்.
அப்புறம் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்
பொட்டலத்தைத் தானே பிரித்துக் கொட்டி
கைப்பிடியை அழுத்தினார்.

நான் திரும்பியபோது
நிலவறையே பச்சையாக இருந்தது,
எல்வுட்டின் முகமும்.

இரண்டு வீட்டையும் ஒருவனே கட்டியிருக்கிறான்;
செங்கல்லில் மிச்சம் பிடித்தவன்
குழாயிலும் பிடித்திருக்கிறான்.
மேலே வக்கீல் கடிதங்கள் போய்வந்த காலமெல்லாம்
கீழே அவர் முகம் மழித்த நுரையும்
வில்லெட்டா துணி துவைத்த நீரும்
யார் வீட்டு வான்கோழிக் கொழுப்பு என்று தெரியாத கொழுப்பும்
கலந்துதான் ஆற்றுப்பக்கம் இறங்கியிருக்கின்றன.

"அவளுக்குத் தெரியுமா?"
இப்போது தெரியும்.
"செலவு?"
குழாயைப் பாருங்கள், எத்தனை பேருடையது?

அறிக்கையில் எழுதினேன்:
22 அடி, வேர்.
31 அடி, தொய்வு.
47 அடி, இடப்பக்க இணைப்பு, விரிசல் இல்லை.
அடுத்து ஏதோ எழுத வந்தது.
அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

கந்தையை எடுத்து, கம்பியைத் துடைத்துச் சுருட்டப் போனேன்.
"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்."
மணிக்கணக்கில் கூலி என்றேன்.
தலையாட்டினார்.
கவிழ்த்த பெயிண்ட் வாளிகளில் உட்கார்ந்து
பச்சை மெல்ல வெளுப்பதைப் பார்த்தோம்,
ரொம்பச் சுமாரான டிவி நாடகத்தை
அணைக்க மனமில்லாமல் பார்ப்பது போல.

ஆறேகால் இருக்கும்.
அந்த வாயிலிருந்து
கறுப்பாக, பொடிப்பொடியாக, காபிச் சக்கை.

"இந்த நேரத்திலா காபி?" என்றார் எல்வுட்,
திரையிடம்.
"ராத்திரி தூக்கம் பிடிக்காதே."